தொண்ணூறு கிராம் தேங்காய்த் துருவல்

ஊர் மண்டபத்துக்குப் புதுக் கூரை போட நிதி வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் எங்கள் வார்டிங் ஊர்ப் பெண்கள் சங்கம் தன் பழைய சமையல் புத்தகத்தை மறுபடி அச்சிட்டது. கோப்பையில் சொல்லியிருந்த நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளையும் கிராமுக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. நான் வேதியியல் படித்தவள். அறுவடைக் காலத்தில் தானியக் கிடங்கில் கோதுமையை அளந்து தரம் சொல்பவள்.

மூன்று வாரம் அளந்தேன், ஒவ்வொன்றையும் ஐந்து முறை. ஒரு கோப்பை மைதா நூற்றைம்பது கிராம். சர்க்கரை இருநூற்றிருபது. உலர்ந்த தேங்காய்த் துருவல் தொண்ணூறு.

புத்தகம் வந்தது. மைதா 250. சர்க்கரை 250. தேங்காய்த் துருவல் 250. முதல் பக்கத்தில், ‘எடைகள்: இமோஜென் ட்ரூ, பி.எஸ்ஸி.’ என்று என் பெயர்.

சங்கத் தலைவி க்ளெனிஸ் ஹாக்லிக்கு போன் செய்தேன்.

“அதுவா கண்ணு? நீ ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை போட்டிருந்தே, யாரு ஞாபகம் வச்சுக்கறது? கோப்பைன்னா இருநூத்தம்பது மில்லி. அதான் எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டேன். பாக்க அழகா இருக்குல்ல?”

“அது தண்ணிக்குத்தான் சரி, க்ளெனிஸ்.”

“நீ ரொம்பத்தான் நுணுக்கம் பாக்கற.”

கத்தியிருக்க வேண்டும். “சரி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த வாரமே, புத்தகத்தைப் பார்த்துச் சுட்ட அன்சாக் பிஸ்கட், ஓட்ஸும் தேங்காயும் போட்டது, ஊரெல்லாம் மாவாக உதிர்ந்தது. கிடங்கு வாசலில் லாரி ஓட்டுநர்கள் ஆரம்பித்தார்கள்.

“உன் பிஸ்கட்ட ஆட்டுக்குப் போட்டேம்மா. அதுவே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.”

“மாவையே எடை போடத் தெரியல, என் கோதுமைய என்ன பண்ணப்போறியோ!”

இரண்டு பேரில் ஒருவர் தன் கோதுமைக்கு மறுசோதனை கேட்டார். இன்னும் ஒரு புகார் வந்தால் லாரிகளைச் சோதிக்கும் மேடையிலிருந்து இறக்கிக் கிடங்கைக் கூட்டிப் பெருக்க அனுப்பிவிடுவேன் என்றார் மேலாளர்.

செவ்வாய்க்கிழமை க்ளெனிஸின் கணவர் ரஸ் ஹாக்லி லாரியோடு வந்தார். பக்கத்தில் க்ளெனிஸ். அவர்கள் கோதுமை நூறு லிட்டருக்கு எழுபத்து நான்கு கிலோ வந்தது. முதல் தரத்துக்கு எழுபத்தாறு வேண்டும்.

“யாரு அளந்தது? பிஸ்கட் பொண்ணா?” என்றார் ரஸ், வரிசைக்கே கேட்கும்படி. சிரித்தார்கள். க்ளெனிஸும் சிரித்தாள்.

கோதுமையை நிரப்பி எடை பார்க்கும் அளவுக் குழாயை அவர் கையில் திணித்தேன். “நீங்களே ரொப்புங்க.”

ரொப்பினார், தலை தட்டினார், தராசில் வைத்தார். நூறு லிட்டர் கணக்கில் அதே எழுபத்து நான்கு.

“மெஷின் கெட்டிருக்கும்,” என்றாள் க்ளெனிஸ்.

“அப்ப உங்க புத்தகக் கணக்குல எழுதிடவா?” என் குரல் கிரீச்சிட்டது. “நான் தொண்ணூறுன்னு குடுத்தத இருநூத்தம்பதுன்னு மாத்தினீங்களே, அந்தக் கணக்கு. நூறு லிட்டர் எதுவா இருந்தாலும் நூறு கிலோ. கோதுமையும் நூறு, உமியும் நூறு. சொல்லுங்க, எழுதவா?”

யாரும் சிரிக்கவில்லை. ரஸ் மனைவியைப் பார்த்தார். “நீயா மாத்தினே?”

“ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னு...”

“எழுபத்து நாலுன்னே போடும்மா,” என்றார் என்னிடம்.

போட்டேன். க்ளெனிஸ் பக்கம் திரும்பினேன்.

“எடையத் திருத்துங்க. இல்ல, ஒவ்வொரு புத்தகத்துலயும் என் பேர அடிங்க. கையால. நான் வந்து எண்ணுவேன்.”

அடுத்த லாரி மேடைக்கு வந்தது. ஓட்டுநர் வாய் திறக்குமுன், “நீங்களும் ரொப்பிப் பாக்கணுமா?” என்றேன்.

“வேணாம்மா,” என்றார்.