பட்டறையில் கேட்ட குரல்

சத்தம் வராவிட்டால் என்ன, அப்படியே அனுப்பிவிடலாமே. தப்பு இருந்தாலும் அந்தப் பெண் சொல்லவா போகிறாள்? அப்படி நினைத்ததற்கே லோகப்பிரியாவுக்கு வெட்கமாக இருந்தது. பார்வையில்லாத அன்புச்செல்விக்கு நாளைக் காலையில் தேர்வு. கடைசிப் பாடத்தை வாசித்துப் பதிவு செய்தாயிற்று. ஒருமுறை கேட்டுச் சரிபார்த்து மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். லேப்டாப்போ வாயைத் திறக்கவில்லை.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டது அவளேதான் என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை. மியூட் இல்லை. வால்யூம் நூறு. பதிவை ஓட்டினால் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளியது. கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து ஒலிச் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். பதிவை முதலிலிருந்து ஆறு தடவை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் சில நொடியில் நிறுத்தினாள். சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்று காட்டும் பட்டியலை மட்டும் திறக்கவில்லை. இருப்பதே ஒரு ஸ்பீக்கர்தானே என்ற நினைப்பு.

கீழே கணவன் தனபாலின் லேத் பட்டறை திடீரென்று அமைதியானது. கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆயில் கையைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி தனபால் படியேறி வந்தான்.

"ஏனுங்க டீச்சரம்மா, மண்ணரிப்பைத் தடுக்க மரம் நடோணும், சரி. அப்புறம்? அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. சுப்பண்ணன் லேத்தை நிறுத்திப்போட்டு உக்காந்திருக்காரு."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. போன ஆயுத பூஜையன்று பாட்டுப் போடுவதற்காகப் பட்டறையின் புளூடூத் ஸ்பீக்கரை இந்த லேப்டாப்போடு இணைத்திருந்தார்கள். இன்று அவன் அதை ஆன் செய்ததும் லேப்டாப் தானாகப் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

காது சுட்டது. கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, ஒரே ஒருத்திக்காக வாசித்த குரல், இரும்புச் சீவலுக்கு நடுவே ஆறு தடவை கேட்டிருக்கிறது.

"இத்தன வருசத்துல நீ இப்படி நிதானமாப் பேசி நான் கேட்டதே இல்ல புள்ள," என்றான் அவன்.

கேலி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. டீ ஆறுது, கேஸ் தீந்துபோச்சு என்று ஓடிக்கொண்டே பேசுகிற குரல்தான் இவனுக்குக் கிடைத்தது. பாவமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

"அப்படியே உடு. முழுசையும் கேட்டுத் தப்பை நாங்களே சொல்லிப்போடறோம்."

பட்டியலைத் திறந்தாள். பட்டறை ஸ்பீக்கரை விலக்கி, லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாள்.

"வேண்டாமுங்க மாமா. இது அந்தப் புள்ளைக்குப் படிச்சது."