சுவருக்குள் ஓதம்

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள் அவள். எந்தக் கறையானாலும் பிளீச்சில் போட்டு எடுத்துவிடுவாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'வெளுப்பக்கா'.

கர்ப்பிணி மகளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் லீவு போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு உதவிக்கு வந்தாள். படுக்கையறையில் பீரோவை நகர்த்தியபோது, பின்னால் ஒரு முழத்துக்குக் கருகருவென்று பூசணம். மேலே அடித்திருந்த பெயிண்ட் அப்பளமாய்ப் பொரிந்து நின்றது.

"இது எப்ப அடிச்சது?"

"ரெண்டு மாசம் முந்தி அவர்தாம்மா அடிச்சாரு" என்றாள் மகள்.

மாப்பிள்ளைக்குப் பெயிண்டர் வேலை. "புண்ணு மேல போர்வையைப் போத்துன கதையா இருக்கு மாப்பிள்ளை. நான் பாத்துக்கறேன்" என்றாள். அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

குளியலறை டைல்ஸில் இருந்த கறுப்பை முதலில் பிளீச் போட்டுத் தேய்த்தாள். பளிச்சென்று போனது. அதே கையோடு படுக்கையறைச் சுவரையும் துடைத்தாள். அதுவும் வெளுத்தது. "பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பத்தாம் நாள் சுவரில் அதே இடத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது. பிளீச்சைக் கெட்டியாக்கித் திரும்பவும் போட்டாள். ஒரு வாரத்தில் இன்னும் அகலமாக வந்து நின்றது. மகளுக்கு ராத்திரியெல்லாம் வறட்டு இருமல்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் தடவை, கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சோடு சேர்த்து வாளியில் ஊற்றினாள். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது என்று சலவைப் பிரிவுச் சுவரில் எழுதியே போட்டிருக்கும். எழுதிப் போடச் சொன்னதே அவள்தான். வாளியிலிருந்து குப்பென்று கிளம்பிய நெடியில் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. மாப்பிள்ளை ஓடி வந்து அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தான். மகள் முன்னறையில் இருந்தாள், நல்லவேளை. அவளையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தான்.

"டாக்டர்கிட்ட போலாம் அத்தை."

"போலாம். கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்."

மதில் ஓரமாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவளின் கண்ணுக்கு நேரே தண்ணீர் மீட்டர். அதன் சின்ன முள் நகர்ந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, உள்ள குழாய் எதையாவது திறந்துட்டு வந்தீங்களா?"

"இல்லையே அத்தை."

"அப்ப இது யாருக்கு ஓடுது?"

டாக்டர் மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். மறுநாளே பிளம்பரும் கொத்தனாரும் வந்தார்கள். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவர் அது. பூச்சைக் கொத்திப் பார்த்தால், உள்ளே குழாய் வளைவில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பூச்சு இரண்டு விரல் கனத்துக்கு ஊறிக் கறுத்திருந்தது.

"பிளீச் மேல்தோலைத்தான் வெளுத்திருக்கும்மா" என்றார் கொத்தனார். "உள்ள ஈரம் இருக்கற வரைக்கும் எத்தனை தடவை துடைச்சாலும் இது வரும். நீங்க துடைச்ச தண்ணியையும் சுவரு சேத்துக் குடிச்சிருக்கு."

அவள் ஊறிய பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பிளீச் டைல்ஸுல கேட்டுச்சேன்னு சுவருலயும் கேக்கும்னு நினைச்சுட்டேன். கலக்கினது அதைவிடப் பெரிய தப்பு. பிள்ளைத்தாச்சி இருக்கற வீடு."

"நானும்தான் ஈரத்தைப் பாக்காம பெயிண்ட் அடிச்சேன் அத்தை. நாம ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்."

நெடி ஏறிய பிறகு முதல்முறையாக அவள் சிரித்தாள். சிரிப்போடு இருமலும் வந்தது.

மகளைப் பக்கத்துத் தெருவில் இருந்த அவள் நாத்தனார் வீட்டில் விட்டார்கள். குழாயை மாற்றி, ஊறிய பூச்சு முழுவதையும் மூக்கைக் கட்டிக்கொண்டு கொத்தி எடுத்தார்கள். மூன்று வாரம் ஃபேன் போட்டுச் சுவரைக் காயவிட்டு, அப்புறம்தான் புதுப்பூச்சு. அதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு மாப்பிள்ளை பெயிண்ட் அடித்தான்.

மகளும் குழந்தையும் வீட்டுக்கு வந்த அன்று, பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். மகளின் இருமல் நின்றிருந்தது. வெளுப்பக்கா மறுவாரம் வேலைக்குத் திரும்பினாள்.