வாத்து நாக்கு மாமா வழங்கிய சான்றிதழ்

தைவானின் ஷின்சூ நகரில் எங்கள் நிறுவனம் ரூட்டர் செய்கிறது. ரூட்டருக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் அசல்தானா, இல்லை எவனாவது நுழைத்த போலியா என்று பெட்டி தானே சோதித்துக்கொள்ள ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழை உருவாக்க ஒரு சின்னக் கருவி உண்டு. அதைப் புது சர்வரில் பில்ட் ஆக, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் நிரலாக உருவாக வைக்கும் வேலை யாலிங் தலையில் விழுந்தது.

யாலிங்குக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவளுக்கு எதிர் இருக்கையில் போச்சுன். அவளுக்கு மூத்தவன். நாள் முழுக்க மசாலா போட்ட வாத்து நாக்கை மென்றுகொண்டே வேலை பார்ப்பவன். யாராவது எழுந்து போனால் அவர்கள் விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்துவிட்டு அப்பாவியாக உட்கார்ந்திருப்பான்.

பில்ட் ஆவேனா என்றது. புது சர்வரில் குறியாக்க நூலகம், அதாவது கருவி கடன் வாங்கும் நிரல் தொகுப்பு, பழையதொன்றும் புதியதொன்றுமாக இரண்டு கிடந்தது. கருவி பழையதைப் படித்துவிட்டுப் புதியதோடு போய் ஒட்டப் பார்த்தது. திரை முழுக்கப் பிழைகள், சிவப்புச் சிவப்பாக.

"என்ன யாலிங், இன்னைக்கும் செவப்பா? கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது" என்றான் போச்சுன்.

"வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசுங்கண்ணே. நீங்க பேசறீங்களா, வாத்து பேசுதான்னே தெரியல."

அன்று மதியம் அவள் சர்வர் அறைக்குப் போனபோது விஷயம் விளங்கியது. இங்கே எந்த இயந்திரமானாலும் மேலே ஒரு பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் வைப்போம். வைத்தால் சமர்த்தாக ஓடும். பச்சையாகவே இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது. அவளுடைய சர்வரின் மேல் இருந்ததோ மஞ்சள். மஞ்சளை வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும் என்பது தைவானில் பள்ளியில் சேரும் முன்பே எல்லாருக்கும் தெரியும்.

யார் வேலை என்று யாலிங் யாரையும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே நின்று தின்று முடித்தாள். புதுப் பச்சை ஒன்றை வாங்கி வைத்தாள். பிறகு இருக்கைக்கு வந்து, எந்த நூலகம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பில்ட் கோப்பில் தெளிவாக எழுதினாள். பில்ட் ஓடியது. கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் நின்றது. சான்றிதழ் வழங்குபவர் பெயர் காலியாக இருந்தது.

"அண்ணே, வழங்கறவர் பேருக்கு என்ன போடட்டும்?"

"சோதனைச் சான்றிதழ்தானே. எதையாவது போடு. யாரு படிக்கப் போறா."

யாலிங் தாழ்ந்த குரலில் "சரிங்கண்ணே" என்றாள்.

மறுநாள் காலை குழுவில் யார் பில்ட் ஓட்டினாலும் முடிவில் ஒரு வரி வந்தது: வழங்குபவர், வாத்து நாக்கு மாமா. முதலில் சிரித்தது மேலாளர் ஷே. அவர் சிரித்த பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

போச்சுன் கோப்பைத் திறந்து, 'குறட்டை இளவரசி யாலிங்' என்று மாற்றினான். பில்ட் ஓட்டினான். வழங்குபவர், வாத்து நாக்கு மாமா. மறுபடி மாற்றினான். மறுபடி மாமா. கோப்பையே அழித்துப் புதிதாக எழுதினான். மாமா அசையவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் சர்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

அந்த நிலையில்தான் ஒசாகா வாடிக்கையாளர் தரப்பிலிருந்து தணிக்கைக்கு ஓகினோ அம்மையார் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, சிரிக்காத முகம். சான்றிதழைத் திரையில் போடச் சொன்னார். நிதானமாகப் படித்தார்.

"இந்த மாமா யாருங்க?"

மேலாளர் ஷே கூரையைப் பார்த்தார். போச்சுன் எழுந்தான்.

"நான்தாங்க. சோதனைச் சான்றிதழ்ல வேணும்னே சிரிப்பான பேரு வைக்கிறோம். தப்பித் தவறி விற்பனைக்குப் போற பெட்டியில ஒண்ணு நுழைஞ்சிட்டா, பாத்த உடனே எவனுக்கும் புரிஞ்சிடும், இது அசல் இல்லன்னு."

அந்த நொடியில் பிறந்த பொய். ஆனால் சொல்லி முடித்ததும் அவனுக்கே அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றிவிட்டது. ஓகினோ அம்மையார் தலையை லேசாக ஆட்டினார்.

"நல்ல யோசனை. சரி, இப்ப என் கண் முன்னாலயே வேற பேரு மாத்திக் காட்டுங்க."

போச்சுனின் காது சிவந்தது. கோப்பில் மாற்றினான், ஓட்டினான். மாமாதான் வந்தார். இன்னொரு முறை. மாமா. நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அதுவரை ரசித்துக்கொண்டிருந்த யாலிங் எழுந்து அவன் பக்கம் வந்தாள்.

"அது கோப்புல இல்லண்ணே" என்றாள். "நாம எல்லாரும் பில்டத் தொடங்கற கட்டளையிலயே பேரக் குடுத்துட்டேன். அங்க குடுத்தா கோப்புல என்ன எழுதியிருந்தாலும் எடுபடாது."

போச்சுன் மெதுவாகத் திரும்பினான். "ஒரு வாரமா?"

"ஒரு வாரமா."

"பேய் புடிச்சிருக்குன்னு கோயிலுக்குப் போயி ஊதுபத்தி ஏத்திட்டு வந்தேன்டி."

இதை அவன் மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். ஓகினோ அம்மையார் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். மறைவாகப் பெயர் கொடுப்பது குற்றம், யாலிங் இப்போதே நீக்க வேண்டும். சிரிப்புப் பெயர் வைப்பது நல்ல பழக்கம், அதை நிறுவன விதியாக எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பொறுப்பாளர், போச்சுன்.

யாலிங் அவர் கண் முன்னாலேயே கட்டளையைத் திருத்தினாள். போச்சுன் இன்னொரு முறை ஓட்டினான். 'குறட்டை இளவரசி யாலிங்' என்று வந்தது. அவன் எழுந்து நின்று கைதட்டினான். அவளும் தட்டினாள், வேறு வழியில்லாமல்.

விதி இன்றைக்கும் அமலில் இருக்கிறது. புதுத் திட்டம் தொடங்கினால் சோதனைப் பெயர் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம் போடுகிறோம். பில்ட் ஓட எடுக்கும் நேரத்தைவிட அது நீளம். போன முறை மேலாளர் ஷே தன் மாமியார் பெயரை முன்மொழிந்தார். வாக்கெடுப்பில் தோற்றார். தோற்றதில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.