காற்சட்டைப் பங்கு

எங்கள் அந்தோனியார் கோவில் பெருநாள் உதைபந்தாட்டத்தில் நான் ஒருமுறைகூடக் கடைசி விசில் வரை நின்றதில்லை. பாதியில் தொடை பிடித்துவிடும். நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், என் மனைவி நிறஞ்சனா தலையில் கைவைப்பாள். சண்டை ஓய்ந்து ஏ-9 பாதை திறந்த அடுத்த வருடம், கனடாவிலிருந்து அண்ணர் ஒரு கறுப்பு இறுக்கக் காற்சட்டை அனுப்பினார். தொடையை இறுக்கிப் பிடிக்குமாம், தசை கிழியாதாம். இந்த முறை என் காலிலேயே வீடு திரும்புவேன் என்று மைதானத்துக்குப் போனேன். போனவன் சும்மா இருந்தேனா? அதை எடுத்து எங்கள் அணித் தலைவர் ஸ்ரீபனுக்குக் காட்டித் தொலைத்தேன்.

ஸ்ரீபன் கரைவலைச் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். வலை இழுத்த எல்லோருக்கும் மீன் பங்கு வைத்துப் பழகிய கை அது.

“டேய் றொனால்ட், உனக்கு மட்டுமோடா தொடை இருக்கு?”

“அண்ணை, அது எனக்கு வந்த சாமான்!”

“கரைக்கு வந்தா எல்லாருக்கும் பங்குதான்டா.”

கணவாய் வெட்டுவதுபோல் காற்சட்டையை வளையம் வளையமாக அறுத்தார். ஆளுக்கொன்று. கோல் கீப்பருக்கு முழங்கைக்கு ஒன்று. எனக்கு மிஞ்சியது இடுப்பு நாடா.

நாசமாய்ப் போவார்கள்! நாடாவை எறிந்துவிட்டு, ஆத்திரம் தீரப் பக்கத்துக் கடற்கரையில் மேலும் கீழும் ஓடினேன். வியர்த்து ஊற்றியது, தொடையும் இளகியது. அவர்களோ வளையத்தை மாட்டிக்கொண்டு, இனி என்ன பயம் என்று குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். ஒருவர்கூடக் கைகாலை அசைக்கவில்லை.

முள்ளியவளைக்காரருடன் ஆட்டம் தொடங்கியது. ஓட ஓட, அறுத்த துணி சுருண்டு கயிறாகித் தொடையில் இறுகியது. முதலில் கோல் கீப்பருக்குக் கை விறைத்தது. ஒருவருக்குக் கால் மரத்தது, இன்னொருவருக்குத் தசை பிடித்தது. ஸ்ரீபன் அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டே சரிந்தார். கடைசி விசில் ஊதியபோது எங்கள் பக்கத்தில் நின்றது நான் ஒருவன்தான். ஒன்பது கோல் வாங்கித் தோற்றிருந்தோம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

வீதி முழுக்க எங்கள் ஆட்களைத் தோளிலும் சைக்கிள் கரியரிலும் ஏற்றிப் போனார்கள். “பாவங்கள், உயிரைக் குடுத்து விளையாடியிருக்கினம்” என்று சனம் உச்சுக்கொட்டியது. நான் நெஞ்சை நிமிர்த்தி நிறஞ்சனாவுக்குப் பக்கத்தில் நடந்தேன். அவள் என் கையைக் கிள்ளினாள்.

“இஞ்சாருங்கோ, கொஞ்சமெண்டாலும் நொண்டுங்கோப்பா! நீங்கள் விளையாடவே இல்லையெண்டு சனம் நினைக்கப்போகுது.”