ஐந்து பேருக்கு ஒரு ஜோடிப் பாதம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: கென்டக்கி மாநிலம் ஹிக்கரி கிரீக் சபையின் பெண்கள் ஐக்கியம், ஆறு வார ஜெபத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பிறகு, தன் உறுப்பினர்களின் உடல் பருமனைக் கரைக்கத் தகுதியான கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடத்தும். காபி உண்டு. டோனட் கிடையாது.

கமிட்டியில் ஆறு பேர். அவர்களில் பருமன் உள்ளவள் வெல்டா ஒருத்திதான். மற்ற ஐவருக்கும் வரவிருந்தது கோடை விடுமுறை.

வெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவள். எடை இருநூற்று எழுபத்தொரு பவுண்டு. இரண்டு முழங்காலிலும் எலும்பும் எலும்பும் உரசின. மே பதினான்காம் தேதி மூட்டு மாற்ற நாள் குறித்திருந்த டாக்டர், இருநூற்று முப்பதுக்கு இறங்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். எடை குறைக்கும் பெயர்பெற்ற ஊசிக்கு இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டது. மிச்சமிருந்தது, போனிலேயே வைத்தியம் பார்த்து, மருந்துக்கடையில் கலந்த ஊசியை வீட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள்தான். அதில் எது நல்லது, எது நாலு நாளில் ஆளைக் கொல்லும் என்று வெல்டாவுக்குத் தெரியாது.

“உன்னை மனசுல வச்சுத்தான் கண்ணு இந்தக் கமிட்டியே,” என்று பாஸ்டரின் மனைவி லார்னா சொல்லியிருந்தாள்.

சுவரில் பதினொரு கம்பெனிகளின் அட்டவணை தொங்கியது. லார்னா குச்சியால் சுட்டிக்காட்டி, போர் வியூகம் விளக்கும் தளபதியைப் போல ஒரு மணி நேரம் பேசினாள். மருந்துக்கடைக்கு உரிமம் உண்டா, பெட்டியில் ஐஸ் வருமா, டாக்டர் எந்த ஊர்.

வெல்டா கையைத் தூக்கினாள். “வீடியோல டாக்டர் நேரா பேசுற கம்பெனியா பாருங்களேன். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். அவர்கிட்ட நாலு கேள்வி கேக்கணும்.”

“நாம அவரைப் பாத்தா அவரும் நம்மளைப் பாப்பாரே, சிஸ்டர்,” என்றாள் ட்ரீனா. அவள் எடை நூற்று முப்பத்தெட்டு. எந்த டாக்டர் பார்த்தாலும் முதலில் ஏதாவது சாப்பிடு என்றுதான் சொல்வார்.

எட்டாம் நம்பர் கம்பெனி முகம் கேட்கவில்லை. ஒரு படிவம், ஓட்டுநர் உரிமம், எடை மெஷினில் நிற்கும் வெறும் பாதங்கள் எண்ணோடு தெரியும்படி ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஓட்டு ஐந்துக்கு ஒன்று. ‘ஏகமனதாக’ என்று லார்னா எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சிறு சிக்கல் ஒன்று தலைகாட்டியது. ஒரு அளவுக்குக் கீழே எடை இருந்தால் கம்பெனி ஊசி தராது. ஐந்து தலைகளும் மெதுவாக வெல்டாவின் பக்கம் திரும்பின.

“கர்த்தர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரம் குடுத்திருக்கார், வெல்டா,” என்றாள் லார்னா. “உன் படிவத்தையும் நானே போட்டுக் குடுத்துடறேன். தனியா நீ பண்ணினா தப்பாயிடும்.”

சபையின் சமையலறையில் எடை மெஷினை வைத்தார்கள். வெல்டா ஏறி நின்று பக்கத்துச் சமையல் மேடையில் கையை ஊன்றிச் சாய்ந்தால் எண் இறங்கியது.

“இன்னும் கொஞ்சம் சாய். எனக்கு நூத்தித் தொண்ணூறு போதும்.”

“எனக்கும் இருநூறுக்கு மேல வேண்டாம்பா. பொய்யா இருந்தாலும் அசிங்கம்.”

“ஆடாத கண்ணு, என் நம்பர் ஏறுது.”

ஒரே பாதம் என்று தெரியக்கூடாதே என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தில் நெயில் பாலிஷ். ட்ரீனா தரையில் உட்கார்ந்து, ஒரு நிறத்தைத் துடைத்து அடுத்ததைப் பூசினாள். வெல்டா குனிந்து தன் கால்விரலைத் தொட்டு நான்கு வருடமாயிற்று. கணவன் போன பிறகு அந்தப் பாதங்களை யாரும் தொட்டதில்லை. முழங்கால் நெருப்பாய் எரிந்தது. ஆனாலும் இன்னும் பத்துப் பேர் இருந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசிப் படம் வெல்டாவுடையது. அதற்குள் பாலிஷ் துடைக்கும் திரவம் தீர்ந்துவிட்டது. ட்ரீனாவுக்குப் பூசிய பவளச் சிவப்போடு இருநூற்று எழுபத்தொன்று பதிவாயிற்று.

ஐவருக்கும் அனுமதி தலா நான்கு நிமிடத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை ஐஸோடு பெட்டியும் வந்தது. வெல்டாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘உங்கள் எடைப் பயணத்தில் நாங்கள் துணைநிற்கிறோம்’ என்று அது தொடங்கியது. ‘நீங்கள் அனுப்பிய பாதங்கள் எங்கள் வாடிக்கையாளர் ட்ரீனா அவர்களுடையவை. பிறர் உடலைக் காட்டி மருந்து பெற முயன்றதால் உங்கள் பெயர் நிரந்தரமாக நீக்கப்படுகிறது.’

வெல்டா அட்டவணையை வாங்கிவந்து மற்ற பத்துக் கம்பெனிகளுக்கும் தானே ஒற்றை விரலால் படிவம் தட்டினாள். பத்திலிருந்தும் அதே கடிதம், அதே டாக்டரின் கையெழுத்தோடு வந்தது. லார்னா ஆறு வாரம் ஒப்பிட்டது ஒரே கடையின் பதினொரு பலகைகளை.

கடிதங்களை எடுத்துக்கொண்டு லார்னாவிடம் போனாள். “அது என் கால்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, சிஸ்டர். மே மாசத்துக்குள்ள நான் இறங்கியாகணும்.”

“எழுதினா எங்க அஞ்சு பேர் கதி என்ன கண்ணு? ஒருத்திக்காக அஞ்சு பேரை மாட்டிவிடறது கிறிஸ்தவ குணமா?”

“நான்தானே சிஸ்டர் அஞ்சு பேருக்கும் நின்னேன்.”

“அது பரலோகத்துல எழுதியிருக்கும்,” என்றாள் லார்னா. “ஞாயித்துக்கிழமை உனக்காக விசேஷமா ஜெபிக்கிறோம்.”

சொன்ன சொல் தவறவில்லை. ‘சகோதரி வெல்டாவுக்கு வாயைக் கட்டும் கிருபையைத் தாரும்’ என்று சபை முழுவதும் முழங்காலிட்டு உருக்கமாக வேண்டிக்கொண்டது. முழங்காலிட முடியாமல் வெல்டா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். செருப்புக்குள் பவளச் சிவப்பு பாதி உரிந்திருந்தது. அதைத் துடைக்க அவளுக்குக் கை எட்டவில்லை.

லார்னா இரண்டாவது ஊசியோடு நிறுத்திக்கொண்டாள், வாந்தி வந்ததாம். மீதியைக் குப்பையில் போட்டாள்.

மே பதினான்காம் தேதியை மருத்துவமனை வேறொரு முழங்காலுக்குக் கொடுத்தது.