இடது பின்கதவு

வடாலாவில் ஸ்டெர்லினின் பட்டறைக்கு அந்த வெள்ளைக் கார் வந்தபோது மதியம் மூன்று மணி. மழை தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பானுமதி செம்பூரில் பள்ளி ஆசிரியை.

"கதவெல்லாம் அதுவா பூட்டிக்கறது," என்றாள். "ரிமோட்ல திறந்தா ரெண்டு திறக்கும், ரெண்டு திறக்காது. பழைய வண்டிதான், வாங்கி மூணு மாசம் ஆறது."

"மழைக்காலத்துல இது சகஜம் மேடம். என்னன்னு பாக்கேன்."

இருபது வருடமாக வண்டி ஒயரிங் பார்ப்பவன் ஸ்டெர்லின். முதலில் ஃப்யூஸைப் பார்த்தான், சரியாக இருந்தது. அடுத்து டிரைவர் கதவை முழுக்கத் திறந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஓடும் ரப்பர் குழாயைப் பிதுக்கினான். உள்ளே மூன்று ஒயர்கள் மடிந்து மடிந்து அறுந்திருந்தன. செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

"இதான் வியாதி," என்று சிரித்தான். புது ஒயர் போட்டு, பற்றவைத்து, டேப் சுற்றினான். ரிமோட்டை அழுத்தினான். மூன்று கதவுகள் ஒரே சத்தத்தில் திறந்தன.

இடது பின்கதவு மட்டும் திறக்கவில்லை.

பானுமதி குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கதவைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். பின்னாடி யாருமே இல்லாதப்பவும் அதோட பூட்டு பட்டன் கீழ இறங்கறது. ரெண்டு தரம் கண்ணாடில பார்த்தேன்."

பூட்டு மோட்டார் செத்திருக்கும் என்று நினைத்து ஸ்டெர்லின் கதவின் உள் அட்டையைக் கழற்றினான். கதவின் அடியில் காய்ந்த சேறு. ஜன்னல் உயரத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு. வெள்ளத்தில் முழுகிய வண்டி. புரோக்கர் வெளியே மட்டும் பாலிஷ் போட்டு விற்றிருக்கிறான்.

மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி, பட்டனோடு இணைக்கும் கம்பியிலிருந்தும் அதை விடுவித்து வெளியே எடுத்தான். பட்டனைக் கையால் தூக்கினான். தூக்கிய இடத்தில் நின்றது. டார்ச்சை எடுக்கத் திரும்பினான்.

டக்.

பட்டன் இறங்கியிருந்தது. மோட்டார் அவன் கையில் இருந்தது.

மறுபடி தூக்கினான். இந்தமுறை கம்பியிலேயே விரல் வைத்துக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கம்பி மெல்லக் கீழே போயிற்று. ஸ்பிரிங் இழுத்தால் வெடுக்கென்று போகும். இது அப்படி இல்லை. சின்னக் கை ஒன்று முழு பலத்தையும் கொடுத்து அழுத்துவதுபோல், விட்டு விட்டு இறங்கியது. அவன் விரலை எடுத்துக்கொண்டான். கழுத்திலிருந்த ஜெபமாலையைத் தொட்டபடி எழுந்தான்.

"மேடம், இதுக்கு முன்னாடி வண்டி யார்கிட்ட இருந்துச்சு?"

பழைய காகிதங்களில் கரீம் பாட்சா என்ற பெயரும் மான்குர்த் முகவரியும் போன் நம்பரும் இருந்தன. ஸ்டெர்லின் போன் செய்தான்.

"பாய், உங்க வண்டி வெள்ளத்துல மாட்டுச்சா?"

"அது இன்னும் ஓடுதா?" என்றது குரல். "உடைச்சுப் போடச் சொல்லித்தானே கொடுத்தேன்."

போனிலேயே சொன்னார். போன வருட மழையில் ஒரு பாலத்தடியில் வண்டி நின்றுவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர். பின்சீட்டில் ஆறு வயது மகள் ரஷீதா. 'வாப்பா ஆளைக் கூட்டிட்டு வாரேன். கதவைப் பூட்டிக்கோ, நான் வர்ற வரைக்கும் திறக்கக்கூடாது' என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஆட்களோடு திரும்பியபோது வண்டியின் கூரைதான் தெரிந்தது.

ஸ்டெர்லின், கம்பியைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று திணறி, கடைசியில் சொன்னான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு கரீம் பாட்சா வந்தார். பானுமதியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் பட்டறை வாசலில் மழையில் நின்ற வண்டியின் இடது பின்கதவுக் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"ரஷீதா, வாப்பா வந்துட்டேன்மா."

ஒன்றும் நடக்கவில்லை. வழியும் மழையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபக்கம் சுற்றிப்போய் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் வாய் அசைவது தெரிந்தது. ஒரு முறை அழுதார். ஒரு முறை சிரித்ததுபோலக்கூட இருந்தது. ஸ்டெர்லினும் பானுமதியும் பட்டறைக் கூரைக்கடியில் நின்றார்கள்.

அரைமணி கழித்து, அவருடைய இரண்டு கைகளும் முழங்காலில் இருக்கும்போதே, இடது பட்டன் மேலே எழும்பியது.

கரீம் பாட்சா அந்தக் கதவு வழியாக இறங்கினார். உடனே சாத்தவில்லை. குழந்தை இறங்கக் காத்திருப்பவர்போல கதவை விரித்துப் பிடித்து நின்றார். பிறகு சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மழையில் நடந்து போனார்.

ஸ்டெர்லின் புது மோட்டார் மாட்டினான். நாற்பது தடவை பூட்டித் திறந்து பார்த்தான். நான்கும் ஒன்றாக வேலை செய்தன.

"இதை உடைக்கக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டாள் பானுமதி. அவளே யோசித்து, "வேண்டாம்," என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு ஸ்டெர்லின் ஒரு வாரம் தினமும் அவளுக்குப் போன் செய்தான். "எல்லாம் சரியா இருக்கு," என்றாள் தினமும். எட்டாவது நாள் அவள் கேட்டாள்: "ஏன் ஸ்டெர்லின், பயமா இருக்கா?"

"ஆமா மேடம்," என்றான். "கம்பில விரல் வச்சவன் நான். அந்தப் பிள்ளை கை எவ்வளவு சின்னதுன்னு எனக்குத் தெரியும்லா."