வசந்தாமணியின் டீ கவுன்

அதை நைட்டி என்று சொன்ன வாயை என்ன செய்யலாம் என்று நாள் முழுக்க யோசித்தேன். அது என் வீட்டுக்காரர் சேனாபதியின் வாய் என்பதால் விட்டுவிட்டேன்.

1998. அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிளெய்ன்ஸ்பரோ ஊர் நூலகத்தில் விக்டோரியா காலத்து மாலை விருந்து, கூடவே ஒரு போட்டி. அந்தக் காலத்து உடையைத் தானே தைத்து, தானே உடுத்தி மேடையில் நடக்கவேண்டும். நான் டீ கவுனைத் தேர்ந்தெடுத்தேன். பகலெல்லாம் இடுப்பை இறுக்கிக் கட்டியிருந்த சீமாட்டிகள், மாலையில் கட்டை அவிழ்த்துவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்களை வரவேற்க உடுத்திய தளர்வான நீள அங்கி அது. அழகெல்லாம் முதுகில்தான்: கழுத்திலிருந்து தரைவரை விழும் மடிப்பு. ஈரோட்டுக்காரி எனக்கு அது புதிதா என்ன? புடவைக்கு இடுப்பின் பின்னால் விடும் எங்கள் பின்கொசுவத்தைத் தோளுக்கு ஏற்றிவிட்டால் அதுதான். கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவையை வெட்டித் தைத்தேன். மடிப்பு ஒழுங்காக விழும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

“அம்மணி, வீட்டுல போடற நைட்டியைப் போட்டுட்டு ஸ்டேஜ்ல நடப்பியா? எங்க ஆபீஸ் ஆளுக எல்லாம் வருவாங்க.”

“வரட்டுமுங்க. கண்ணாரப் பாக்கட்டும்.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். விருந்தன்று மேடைத் திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில் அவர். பக்கத்தில் அவருடைய மேனேஜர் ஸ்ரீநிவாசன், மனைவி ஜலஜாவோடு. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நைட்டியோடு இருக்கும்போது காலிங்பெல் அடித்தால் நம் பெண்களின் கை என்ன செய்யுமோ, அதையே என் கையும் செய்தது. நாற்காலியில் கிடந்த என் துப்பட்டாவை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மேடை ஏறிவிட்டேன்.

விழா நடத்திய பெண் திரும்பி நிற்கச் சொன்னாள். திரும்பினேன். யாரும் கைதட்டவில்லை. அப்போதுதான் உறைத்தது: உயிரைக் கொடுத்துத் தைத்த மடிப்பு முழுக்கத் துப்பட்டாவுக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கத்தானே இந்த அங்கி? யாருக்குப் பயந்து மூடுகிறேன்? எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

துப்பட்டாவை உருவினேன். மேடை விளிம்பில் குனிந்து, “இதைப் பிடிங்க” என்று அவர் மடியில் போட்டேன். நிமிர்ந்து நடந்தேன். பட்டு தோளிலிருந்து தரைவரை தங்குதடையில்லாமல் விழுந்து பின்னால் வந்தது. கைதட்டல் எங்கோ பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. ஸ்ரீநிவாசன் குனிந்து ஏதோ கேட்டார். “கடையில வாங்கலைங்க சார், அவளே தச்சது!” என்று என் வீட்டுக்காரர் போட்ட சத்தம் மேடைவரை கேட்டது.

முதல் பரிசு எனக்குத்தான். கோப்பையைக் கொடுத்துவிட்டு, இறங்கலாம் என்று அந்தப் பெண் வழிவிட்டாள். எனக்கு இறங்க மனமில்லை. யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை திரும்பிக் காட்டினேன்.